நரி வராத ஆட்டம்

கிளென்மார்கன் போயிருக்கிறீர்களா? ஊட்டியிலிருந்து கூடலூர் ரோட்டில் போய் நடுவில் பிரிய வேண்டும். நீங்கள் பொட்டானிக்கல் கார்டன், போட் ஹவுஸ் என்று பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பீர்கள். தப்பில்லை. அங்கே இருப்பது தேயிலை, பனி, மின்வாரியம். பைக்காரா தண்ணீர் அங்கே தேங்கி, ராட்சசக் குழாய்களில் சரிந்து இறங்கி, மலையடிவாரத்து சிங்காரா மின்நிலையத்தில் கரன்ட் ஆகிறது. 1932-லிருந்து இதே வேலைதான். அப்பாவுக்கு மின்வாரியத்தில் உத்தியோகம். நாங்கள் குவார்ட்டர்ஸ்வாசிகள்.

ஊருக்கெல்லாம் கரன்ட் அனுப்புகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு, பென்சில் பேட்டரிக்கு அலைந்த கதை இது.

1998 கோடை லீவில் சென்னையிலிருந்து மாமா வந்தார். பையிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு டப்பாவை எடுத்து நீட்டினார். கேம் பாய். ஜப்பானின் நிண்டெண்டோ கம்பெனி 1989-ல் கொண்டுவந்த, கையடக்க வீடியோ கேம். கலர் கிடையாது. பாசி பிடித்த மாதிரி பச்சையில் நான்கு ஷேடுகள், அவ்வளவுதான். பர்மா பஜாரில் செகண்ட்ஹேண்டாக வாங்கியிருந்தார்.

''ஒரிஜினலா மாமா?''

''மெஷின் ஒரிஜினல். கேசட்டு... அப்படி இப்படித்தான்!''

அந்த 'அப்படி இப்படி' கேசட்டின் ஸ்டிக்கரில் சோனிக் என்ற நீல முள்ளெலி ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே இரட்டை வால் நரி ஒன்று பறந்துகொண்டிருந்தது. மேடு பள்ளம் தாண்டி, எகிறிக் குதித்து ஓடவேண்டிய ஆட்டம்.

அதில் என்ன அதிசயம் என்று அப்போது எனக்குத் தெரியாது. சோனிக், சேகா கம்பெனியின் செல்லப்பிள்ளை. சேகாவும் நிண்டெண்டோவும் பரம வைரிகள். ரஜினி ரசிகர் மன்ற பேனரில் கமல் சிரிக்கிற மாதிரி! சோனிக் முறைப்படி நிண்டெண்டோ மெஷினில் ஓடியது 2001 கடைசியில்தான். அதற்கு முன்பே கள்ளக் கேசட்காரர்கள் ஓடவிட்டுவிட்டார்கள்.

எப்படி? ரொம்ப சுலபம். 1993-ல் சன்சாஃப்ட் என்ற ஜப்பான் கம்பெனி, கார்ட்டூன் எலி ஸ்பீடி கொன்சாலஸை வைத்து கேம் பாய்க்கு ஒரு ஆட்டம் செய்தது. யாரோ அந்த எலியை அழித்துவிட்டு, அதே இடத்தில் சோனிக்கை வரைந்து, 'சோனிக் 6' என்று பெயர் வைத்துவிட்டார்கள். எலி, முள்ளெலி ஆனது. பாதையும் பள்ளமும் எலியினுடையதுதான்.

மெஷின் கண்டுபிடிக்காதா என்று கேட்பீர்கள். கேம் பாயை ஆன் செய்தால் திரையின் மேலிருந்து கம்பெனியின் பெயர் மெல்ல இறங்கி வரும். அது மெஷினுக்குள் இருப்பது என்று நினைப்போம். இல்லை. கேசட்டில் பதிந்திருப்பதைத்தான் காட்டுகிறது. பிறகு தன்னிடம் உள்ள பிரதியோடு ஒப்பிட்டுப் பார்க்கும். ஒத்துப்போகாவிட்டால் ஆட்டம் ஆரம்பிக்காது. ஆக, ஒரே பெயரை இரண்டு தடவை படிக்கிறது. காட்டுவதற்கு ஒரு தடவை, சரிபார்க்க ஒரு தடவை. தைவானின் சாச்சென் கம்பெனிக்காரர்கள் இந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டார்கள். முதல் தடவை தங்கள் பெயரைக் காட்டி, இரண்டாவது தடவை நிண்டெண்டோ பெயரை நீட்டினார்கள். செக்போஸ்ட்டில் மட்டும் வேறு பெயர் சொல்கிற ஆசாமி மாதிரி. பெரும்பாலான கள்ளக் கேசட்டுகளுக்கு இந்தச் சிரமம்கூடக் கிடையாது. நிண்டெண்டோ பெயரையே காப்பி அடித்துவிட்டார்கள்.

சரி, நம் கதைக்கு வருவோம். கேம் பாய் நாலு பென்சில் பேட்டரியைத் தின்னும். முதல் செட் தீர்ந்ததும் அப்பாவிடம் போய் நின்றேன்.

''கரன்ட்ல ஓடுற சாமானா வாங்கிட்டு வா, ஓட்டித் தர்றேன்'' என்று சொல்லிவிட்டு டூட்டிக்குப் போய்விட்டார்.

அப்போதுதான் அவன் வந்தான். எஸ்டேட் லைன் வீட்டுப் பையன், என் கிளாஸ்தான். 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பம். ஜன்னலுக்கு வெளியே நின்று எட்டி எட்டிப் பார்ப்பான். நான் ரேட் பேசினேன். ''ரெண்டு பேட்டரி கொண்டா. ஒரு மணி நேரம் ஆடிக்கோ.''

மறுநாளே கொண்டுவந்தான். என்னைவிட நன்றாக ஆடினான். பத்தே நாளில் கடைசி வரை போய்விட்டு நிமிர்ந்து கேட்டான்.

''நரி எங்கடா?''

உள்ளே நரியே கிடையாது. ஸ்டிக்கரில் மட்டும்தான். நான் ஏற்கெனவே முடித்துப் பார்த்தவன், எனக்குத் தெரியும். சொன்னால் பேட்டரி நின்றுவிடும். ''ஒரு உயிர்கூடப் போகாம முடிக்கணும். அப்பத்தான் நரி வரும்'' என்றேன். கண் இமைக்காமல் சொன்னேன்.

அந்த மழைக்காலம் முழுக்க, உயிர் போகாமல் முடிக்க அவன் பாடுபட்டான். ரெண்டு ரெண்டாக பேட்டரி வந்துகொண்டே இருந்தது. தீர்ந்துபோனவற்றை நான் தூக்கிப் போட்டால் பொறுக்கி எடுத்துப் போவான். விளையாட என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வருடம் அப்பாவுக்கு மாற்றல். கேம் பாய் பரணுக்குப் போனது.

2017-ல் கோவை காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் என் தோளை யாரோ தொட்டார்கள். அவன்தான். திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராம். முதலில் 'நீங்க' என்றான், டீ வந்ததும் 'நீ' ஆனது. பத்தொன்பது வருடக் குறுகுறுப்பு. சொல்லிவிட்டேன். ''டேய், அதுல நரியே கிடையாதுடா.''

''தெரியுமே!'' என்றான். ''ரெண்டாவது தடவையே ஒரு உயிர் போகாம முடிச்சேன். நீ சமையல்கட்டுக்குப் போயிருந்தே. நரி வரலைன்னு சொன்னா ஆட விடமாட்டே. அதான் சொல்லலை.''

எனக்குச் சிரிப்பு வந்தது. பொய் கேசட்டை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் பொய் சொல்லியிருக்கிறோம். அந்தச் சிரிப்போடு விட்டிருக்கலாம். நான்தான் கேட்டேன், ''அத்தனை பேட்டரிக்கு ஏதுடா காசு?''

''காசா? அப்பாயி ரேடியோல இருந்துதான். நல்லதை எடுத்துட்டு, நீ தூக்கிப் போட்டதை உள்ள வெச்சிருவேன். பாவம், அது தினமும் இலங்கை வானொலி கேக்கும். 'ஸ்டேசன் இழுக்க மாட்டேங்குதே'ன்னு ரேடியோவைத் தட்டிக்கிட்டே இருக்கும். பேட்டரியை வெயில்ல வெச்சா உசிரு வரும்னு வாசல்ல வைக்கும். நம்மூர்ல மழைக்காலத்துல வெயில் ஏது?''

சொல்லிவிட்டுச் சிரித்தான். எனக்கு டீ இறங்கவில்லை. பாட்டி 2003-ல் போய்ச் சேர்ந்துவிட்டார்களாம்.

கம்ப்யூட்டர் புரோகிராமைக் காப்பி அடிப்பது குற்றம் என்று நம் காப்புரிமைச் சட்டத்தில் 1984-லேயே சேர்த்துவிட்டார்கள். அந்த எலி ஆட்டத்தைச் செய்த ஜப்பான்காரர்களுக்கு என் கேசட்டிலிருந்து நயா பைசா போயிருக்காது. அதைப் பற்றி நான் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. ஜப்பான் தூரம். முகம் தெரியாது. ஆனால் அரை கிலோமீட்டரில் ஒரு பாட்டி, தான் விட்டுவிட்டு வந்த ஊரின் குரலைக் கேட்க ரேடியோவைத் தட்டிக்கொண்டிருந்ததும் எனக்குத் தெரியாமல்தானே இருந்தது?

சும்மா கிடைக்கிற, சல்லிசாகக் கிடைக்கிற சினிமா, பாட்டு, புத்தகம் எல்லாம் நம் எல்லோர் வீட்டிலும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. என் வீட்டிலும்தான். இப்போதெல்லாம் ஆன் செய்யும் முன்பு ஒரு கணம் கை நிற்கிறது. இது யாருடைய பேட்டரி?