தாய் தேர்ந்த இலை

களுபோவிலவில் வளவுகள் சிறியவை. மதிலோரம் ஒரு கறிவேப்பிலை, ஒரு தேசி மரம், இடமிருந்தால் ஒரு அன்னமுன்னா. வண்ணத்துப்பூச்சி பார்க்கிறவனுக்கு இவையே போதும். 1990 இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பெல்லன்வில-அத்திடிய சதுப்பு நிலம் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே போனால் கூடுதல் இனங்களைக் காணலாம். ஆனால் முட்டையிடுவதைப் பார்க்க வீட்டு வளவுதான் தோது. ஒரே செடியைக் காலையும் மாலையும் போய்ப் பார்க்கலாம்.

புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர்கள் சிறகின் நிறத்தை வைத்தே பெயர் சொல்ல முயல்கிறார்கள். படப்புத்தகங்களும் அப்படித்தான் பழக்கிவிடுகின்றன. நான் முதலில் கேட்பது, அது எந்தச் செடியில் முட்டையிட்டது என்பதைத்தான்.

இதற்குக் கறிவேப்பிலை அழகியை விட நல்ல சாட்சி கிடையாது. கொமன் மோர்மன் என்று ஆங்கிலப் புத்தகங்கள் சொல்வது இதைத்தான். ஆண் கறுப்பு, பின்சிறகில் குறுக்கே வெள்ளைப் பட்டை. பெண்ணுக்கு மூன்று கோலம். ஒன்று அச்சொட்டாக ஆணைப் போல. மற்றது கொமன் ரோஸின் வேஷம், மூன்றாவது கிறிம்சன் ரோஸின் வேஷம். அந்த இரண்டு ரோஸ்களும் புழுப்பருவத்தில் ஈஸ்வரமூலி இனக் கொடிகளைத் தின்று உடம்பில் நஞ்சு ஏற்றிக்கொண்டவை. பறவைகள் அவற்றைத் தவிர்க்கும். கறிவேப்பிலை தின்று வளர்ந்தவளிடம் அந்த நஞ்சு இல்லை, நிறம் மட்டும் இருக்கிறது. உட்கார்ந்தால் பிடிபட்டுவிடுவாள்: கிறிம்சன் ரோஸுக்குத் தலையும் வயிறும் சிவப்பு, இவளுக்கு உடம்பு கறுப்பு. ஆனால் மத்தியான வெயிலில் மதிலுக்கு மேலால் போகிறவள் எங்கே உட்காரப்போகிறாள்! கறிவேப்பிலையில் முட்டையிட்டாளா, சந்தேகம் அத்தோடு தீர்ந்தது.

இந்த மூன்று கோலங்களின் புதிரை அவிழ்க்கப் பெரும் உழைப்பு நடந்தது இலங்கையில்தான் என்பது எனக்கு எப்போதும் பெருமை. ஜே. சி. எஃப். ஃப்ரையர் இங்கே தலைமுறை தலைமுறையாக இவற்றை வளர்த்து, எந்தத் தாயின் முட்டையிலிருந்து எந்தக் கோலத்து மகள்கள் வந்தார்கள் என்று கணக்கெடுத்து, 1913 இல் லண்டன் றோயல் சொசைட்டியின் ஏட்டில் வெளியிட்டார். ஒரே தாயின் முட்டைகளிலிருந்து வெவ்வேறு கோலத்து மகள்கள் வரலாம். அதில் மெண்டலின் மரபு விதி வேலை செய்கிறது. நூறு வருடம் கழித்து, 2014 இல், இந்த வேஷம் முழுவதையும் ஒரே மரபணு ஆட்டுவிக்கிறது என்று கண்டார்கள்.

முட்டையிட வருகிறவளைப் பறப்பிலேயே அறியலாம். பூவைத் திரும்பியும் பார்க்கமாட்டாள். தாழப் பறந்து, செடி செடியாகத் தொட்டுத் தொட்டுப் போவாள். ஓர் இலையில் இறங்கியதும் முன்கால்களால் படபடவென்று தட்டுவாள். அந்தக் கால்நுனிகளில்தான் சுவையறியும் மயிர்கள் இருக்கின்றன. இவளுடைய குடும்பத்தையே சேர்ந்த இன்னொரு இனத்தில், தோடை, தேசி இலைகளில் உள்ள சினெஃப்ரின் என்ற பொருளை முன்கால் எப்படி உணர்கிறது என்று 2011 இல் யப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். சுவை ஒத்துவராவிட்டால் எழும்பிவிடுவாள். ஒத்துவந்தால், சிறகடிப்பை நிறுத்தாமலே வயிற்றை வளைத்துத் தளிரில் ஒரேயொரு முட்டையை ஒட்டிவிட்டு அடுத்த கிளைக்குப் போய்விடுவாள். மங்கல் மஞ்சளில், ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் குறுக்களவில், மழமழவென்ற உருண்டை. மூன்று நாலு நாளில் புழு வெளியே வந்து முதலில் அந்தக் கோதையே தின்னும். பிறகு பறவை எச்சம் போன்ற கோலத்தில் வளர்ந்து, கடைசித் தோல் உரிப்புக்குப் பிறகு பச்சையாகும்.

முட்டை கறுத்துப்போனால் பெரும்பாலும் குளவி முந்திவிட்டது என்று அர்த்தம். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவு சிறிய ஒட்டுண்ணிக் குளவிகள் முட்டைக்குள்ளேயே தம் முட்டையை வைத்துவிடும். இதைப் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் சொல்லியிருக்கிறேன். ஆனால் அவருடைய கவலை புழுவைப் பற்றித்தான்.

“தம்பி, உந்தப் புழு கறிவேப்பிலையை மொட்டையாக்கிப்போடும். மருந்து அடியுங்கோவன்.”

“ரெண்டு கிழமை பொறுங்கோ அக்கா. இலை திரும்ப வரும்.”

ஒவ்வொன்றாகப் பிரித்து இடுகிறவளின் புழுக்கள் ஒரு வளர்ந்த செடியை அழித்துவிடுவதில்லை. மருந்தடித்தால் அந்த இலையைக் கறிக்குப் போடவும் முடியாது.

செடி மட்டுமே எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்றில்லை. தேசியில் கறிவேப்பிலை அழகியும் இடுவாள், எலுமிச்சை அழகியும் இடுவாள். இரண்டின் முட்டைகளும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. இட்டவளைக் கண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் புழு வளரும் வரை காத்திருக்க வேண்டும். கொமன் குரோ அலரியிலும் இடும், ஆலிலும் இடும். நேர்மாறாக ஜெஸபெல் குருவிச்சையை விட்டு வேறு எங்கும் போகாது. அதன் இலையில் மஞ்சள் முட்டைகளைக் கூட்டமாக இடும். மாமரத்தில் ஏறிய குருவிச்சையை ஆட்கள் வெட்டத்தான் செய்வார்கள், மரம் நலிந்துபோகும் என்ற பயம் நியாயமானது. ஒரு கொத்தையாவது விட்டுவையுங்கள் என்று நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

இப்போது கைக்கொப்பியில் ஒவ்வொரு பதிவையும் செடியின் பெயரில்தான் தொடங்குகிறேன். பிளேன் டைகரும் அதன் வேஷம் போடும் டனாயிட் எக்ஃபிளைப் பெண்ணும் ஒழுங்கையில் அடுத்தடுத்துப் பறந்தால் சிறகைப் பார்த்துப் பிரிப்பது கடினம். எருக்கலையில் இறங்கி முட்டையிடுகிறவள் பிளேன் டைகர். நிலத்தோடு கிடக்கும் பருப்புக்கீரையில் இடுகிறவள் மற்றவள்.