உடையாத ஒரு பெட்டி

கதையும் கவிதையும் வாசிக்கும் நண்பர்களிடம் ஒரு வீடியோ கேமில் வரும் பழப்பெட்டிகளைப் பற்றிப் பேசச் சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் அக்காள் தம்பியாகிய எங்கள் இருவருக்கிடையே இருபதாண்டுகளுக்கு மேலாகச் சொல்லப்படாமல் கிடந்த ஒரு செய்தி அப்பெட்டிகளுக்குள்தான் இருந்தது. ஆகவே எழுதிவிடுகிறோம்.

ஆட்டத்தின் பெயர் கிராஷ் பேண்டிகூட். நாட்டி டாக் என்னும் அமெரிக்க நிறுவனம் உருவாக்கி, 1996-இல் பிளேஸ்டேஷனுக்காக வெளிவந்தது. செம்மஞ்சள் நிறத்தில் ஒரு விலங்கு. தீவுகளின் வழியே ஓடும், குதிக்கும், பம்பரமாய்ச் சுழலும். வழியெங்கும் மரப்பெட்டிகள். உடைத்தால் உள்ளிருந்து 'வும்பா' என்னும் கற்பனைப் பழங்கள் சிதறும். நூறு பழம் சேர்ந்தால் ஓர் உயிர் கூடும்.

இப்பெட்டிகள் வந்த கதை சுவையானது. அன்றைய இயந்திரத்தால் திரையில் வரையக்கூடிய பல்கோணங்களுக்கு ஓர் எல்லை உண்டு. கிராஷின் உடலுக்கே 512 பல்கோணங்கள் செலவாயின. மிச்சமிருந்ததைக் காடும் பாறையும் தின்றுவிட, ஆடுபவர் செய்வதற்கு வழியில் அதிகம் ஒன்றுமில்லாமல் வெறிச்சென்று இருந்தது. பெட்டிக்கோ ஆறு முகங்கள் போதும். ஆண்டி கேவினும் ஜேசன் ரூபினும் வெறுமையை நிரப்பப் பெட்டிகளைக் கொண்டுவந்தார்கள். வறுமையிலிருந்து பிறந்த அந்த யோசனையே ஆட்டத்தின் உயிராயிற்று.

பெட்டிகளுக்கென்று ஓர் ஒழுக்கமும் இருந்தது. சில பெட்டிகளின்மேல் பொறுமையாக மீண்டும் மீண்டும் குதித்தால் பழங்கள் வந்துகொண்டே இருக்கும். சுழன்றடித்தால் பெரும்பகுதி கைநழுவும். சிதறிய பழத்தின்மீது சுழற்சி பட்டுவிட்டாலோ பழமே பறந்து போய்விடும். சிவப்பு வெடிப்பெட்டியின்மேல் குதித்தால் மூன்று, இரண்டு, ஒன்று என எண்ணிவிட்டு வெடிக்கும். விலகி ஓட அவ்வளவே அவகாசம். ஒரு கட்டத்தின் எல்லாப் பெட்டிகளையும் ஒருமுறைகூடச் சாகாமல் உடைத்தால்தான் ரத்தினம் கிடைக்கும். சாகாமல் கடைசிவரை வந்துவிட்டாலும், உடைக்காமல் விட்ட பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கிராஷின் தலையில் வந்து விழும். செத்தாலோ, அதுவரை உடைத்ததெல்லாம் கணக்கில் வராது.

எங்கள் வீட்டுக்கு அந்த இயந்திரம் ஒரு கோடை விடுமுறைக்கு இரவலாக வந்தது. ஓர் உயிர் போனால் கண்ட்ரோலரை மற்றவரிடம் தந்துவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். எங்களில் இளையவன் ஓடுபவன். பெட்டிகளைப் பாதி பார்ப்பான், பாதி விட்டுவிடுவான். மூத்தவள் எண்ணுபவள். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் ஒவ்வொரு கட்டத்துக்கும் வரைபடம் போட்டு, பெட்டி இருக்குமிடத்தில் சிறு கட்டம் வரைந்து, உடைக்கும் வரிசையையும் குறித்து வைத்திருந்தாள்.

கற்சக்கரங்கள் உருளும் காட்டுக் கட்டம் ஒன்று. பல நாள் முயற்சிக்குப்பின் ஒரு பிற்பகலில் மூத்தவள் ஒருமுறையும் சாகாமல் ஏறத்தாழ முடிவுவரை வந்துவிட்டாள். நான்கைந்து பெட்டிகளே பாக்கி. அப்போது சமையலறையிலிருந்து அம்மா கூப்பிட்டாள்; விருந்தினர் வந்திருந்தனர், காபி கொண்டுபோக ஆள் வேண்டும். ஆட்டத்தை நிறுத்திவைத்துவிட்டு, "தொடாதே" என்று சொல்லிப் போனாள். இளையவன் தொட்டான். ஒரே ஒரு பெட்டியை மட்டும் உடைத்துக் காட்டலாமென்று. சுழன்றான், பக்கத்திலிருந்தது வெடிப்பெட்டி. சுழன்றடித்தால் அது எண்ணிக்கொண்டிராது, உடனே வெடிக்கும். பயந்துபோய் இயந்திரத்தையே அணைத்துவிட்டான். அவள் திரும்பி வந்தபோது, "கரண்ட் போய் வந்துச்சுக்கா" என்றான். அவள் ஒன்றும் சொல்லவில்லை. விடுமுறை முடிந்து இயந்திரம் திரும்பிப் போயிற்று. ரத்தினம் கிடைக்கவேயில்லை.

2017-இல் முதல் மூன்று ஆட்டங்களையும் புதிதாக வரைந்து ஒரே தொகுப்பாக வெளியிட்டார்கள். அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, ஒரு பொங்கல் விடுமுறையில், மூத்தவளின் மகன் அதை ஆடிக்கொண்டிருந்தான். நாங்களும் அருகில் அமர்ந்தோம். ஒன்றைக் கவனித்தோம்: நிறமற்ற ரத்தினத்துக்கு இப்போது சாகாமல் இருக்க வேண்டியதில்லை, வழியிலுள்ள காவற்பெட்டியைத் தொட்டிருந்தால் அதுவரை உடைத்தவை கணக்கில் நிற்கின்றன. பையன் மூன்று முறை செத்தான், ரத்தினம் வந்தது. "அவ்வளவுதானா?" என்றாள் மூத்தவள்.

அந்தக் குரல்தான் இளையவனைப் பேசவைத்தது. அன்று கரண்ட் போகவில்லை என்றான்.

"தெரியும்டா. நான் வந்தப்போ சுவர்க் கடிகாரத்துக்குப் பக்கத்துல காலண்டர் படபடன்னு அடிச்சிட்டிருந்துச்சு. ஃபேன் நிக்கவே இல்லை. போய் வந்திருந்தா மெதுவாத்தானே சுத்த ஆரம்பிச்சிருக்கும்?"

ஏன் அன்றே கேட்கவில்லை என்றதற்கு உடனே பதில் வரவில்லை. பிறகு சொன்னாள்: "உன்மேல கோபமா இருந்தா சரியாப் போயிருக்கும். எனக்குக் கோபம் அந்தக் காபிமேல. அதை யார்கிட்டச் சொல்றது?"

அவ்விடுமுறையில் கண்ட்ரோலர் கையிலிருக்கும்போது எழுப்பப்பட்டவர் எங்களில் எப்போதும் ஒருவரே என்பதை இளையவன் அன்றுதான் எண்ணிப்பார்த்தான். எண்ணுவது அதுவரை அவனுடைய வேலையாக இருந்ததில்லை.

அன்றிரவு பையன் தூங்கியபின், அதே காட்டுக் கட்டத்தைத் திறந்தோம். சாகலாம் என்ற சலுகை இருந்தும் பழைய விதிப்படியே ஆடுவது என்று முடிவுசெய்தோம். மூத்தவள் ஆடினாள். இரண்டு முறை கற்சக்கரத்தில் நசுங்கி, இரண்டு முறையும் முதலிலிருந்து தொடங்கினாள். நடுவில் வாசலில் யாரோ அழைத்தார்கள். இளையவன் எழுந்து போனான்.