நந்தி இல்லாத சந்நிதி

குதிரை வாங்கப் போன மந்திரி கோயில் கட்டிவிட்டுத் திரும்பினார் என்றால் உங்களுக்குச் சிரிப்பு வரும். கஜானாப் பணம் அவ்வளவும் திருப்பணியில் கரைந்துபோயிற்று என்று கேட்ட அரிமர்த்தன பாண்டியனுக்குச் சிரிப்பு வரவில்லை! அந்த மந்திரிதான் திருவாதவூரர், பிற்பாடு மாணிக்கவாசகர். அவர் வழியில் நின்றுவிட்ட இடந்தான் திருப்பெருந்துறை. ஆவுடையார்கோயில் என்று கேட்டால்தான் பஸ் கண்டக்டர் டிக்கெட் கிழிப்பார்.

முன்பு தஞ்சாவூர் ஜில்லாவில் இருந்த இந்த ஊர் 1974 முதல் புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்தது. அறந்தாங்கியிலிருந்து சுமார் பதினான்கு கிலோமீட்டர். வழியெல்லாம் கண்மாய்களும் வயல்களுந்தான்.

எங்கள் உத்தேசத்தில் இந்த ஊர் இல்லவே இல்லை. தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் ஒன்பது கற்களை நவக்கிரகங்களாக வழிபடுகிறார்களே, அங்கே போகத்தான் புறப்பட்டோம். அத்தைக்கு அது பெரிய பிரார்த்தனை. பிள்ளைக்கு வேலை போய் ஆறு மாதமாகியிருந்தது. அறந்தாங்கியில் கார் மூச்சை நிறுத்திக்கொண்டது. சாமான் புதுக்கோட்டையிலிருந்து வரவேண்டும், சாயந்திரம் ஆகும் என்று கையை விரித்துவிட்டார் மெக்கானிக். அத்தை முகத்தைப் பார்க்க முடியவில்லை. "ஸ்வாமிக்கே நாம் வரவேண்டாமென்று தோன்றிவிட்டது போலிருக்கிறது" என்றாள். பக்கத்து டீக்கடைக்காரர்தான் எங்களை ஆவுடையார்கோயில் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

கோயில் தெற்கு நோக்கியது. உள்ளே போனதும் நீங்களும் அத்தையைப் போலத்தான் கேட்பீர்கள்: "நந்தி எங்கே?" நந்தி இல்லை. கொடிமரம் இல்லை, பலிபீடமும் இல்லை. கர்ப்பக்கிருகத்தில் ஆவுடையார் இருக்கிறது. அதன்மேல் லிங்கம் இல்லை! ஆத்மநாதருக்கு உருவம் கிடையாது. யோகாம்பிகைக்கும் அப்படியே, பாதங்கள் மாத்திரந்தான். அதையும் கல் ஜன்னலின் துவாரம் வழியாக எட்டிப் பார்த்தே தரிசிக்க வேண்டும்.

நைவேத்தியம் அதைவிட அதிசயம். வடித்த புழுங்கலரிசிச் சாதத்தை ஆவி பறக்கப் பறக்கக் கொண்டுவந்து சந்நிதிக்கு முன்னாலுள்ள படைகல்லில் கொட்டுகிறார்கள். தொட்டுக்கொள்ளக் கீரையும் பாகற்காயும். மேலே எழும்பும் ஆவிதான் ஸ்வாமிக்கு அமுது. வெண்மையாகச் சுருண்டு, இருட்டான கர்ப்பக்கிருகத்தை நோக்கிப் போய், கண்ணெதிரே இல்லாமல் ஆகிவிடுகிறது. அத்தை வெகு நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாக, "தினம் காலையில் நம் அடுப்பில் பார்ப்பதுதானே, அம்மா!" என்றாள்.

வாதவூரர் கதையில் என் மனத்தைத் தொடுவது குதிரைகள் வந்த கட்டம் அல்ல, வராத கட்டந்தான். குருந்தமரத்தடியில் குருவாக அமர்ந்திருந்த சிவபெருமான், "ஆவணி மூலத்தன்று குதிரைகள் வரும், போய்ச் சொல்" என்று அனுப்பிவிட்டார். மதுரையில் அரசன் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறான். லாயம் காலி. மந்திரியின் கையில் அந்த ஒரு வார்த்தையைத் தவிர வேறொன்றுமில்லை. குதிரைகள் வந்தன, இரவோடு இரவாக நரிகளாகி ஊளையிட்டு ஓடியும் போயின! மறுபடி தண்டனை, வைகை மணலில் வெயிலில் நிற்க வேண்டியதாயிற்று. நம்பியவருக்கு உடனே கஷ்டம் தீர்ந்தது என்று புராணம் சொல்லவில்லை. வைகை பெருகி, பிட்டு விற்ற வந்திக் கிழவிக்குக் கூலியாளாக வந்து அந்தப் பெருமானே பிரம்படி பட்டது பிறகுதான். மதுரையில் ஆவணி மூலத்தில் பிட்டுத் திருவிழா இன்றும் நடக்கிறது.

இங்கே அந்தக் குதிரைக்கார ஸ்வாமியைத் தூணில் சிலையாகப் பார்க்கலாம். ஆனால் கழுத்து வலித்தாலும் பரவாயில்லை, கொடுங்கையை அண்ணாந்து பாருங்கள். சட்டங்களும் குமிழ் ஆணிகளுமாக மரவேலை என்றே நினைப்பீர்கள், அத்தனையும் கல்! புதிதாகக் கோயில் கட்ட ஒப்பந்தம் எழுதும் அந்தக் காலத்து ஸ்தபதிகள், "ஆவுடையார்கோயில் கொடுங்கை நீங்கலாக" என்று சேர்த்து எழுதுவார்களாம். கெட்டிக்காரர்கள்!

தேவிபட்டினம் அந்தப் பிரயாணத்தில் வாய்க்கவில்லை. கார் கிளம்பியபோது இருட்டிவிட்டது. பிள்ளைக்கு அப்புறமும் சில மாதங்கள் வேலை கிடைக்கவில்லை. அத்தை மாத்திரம் காலையில் சாதம் வடித்ததும் மூடியைத் திறந்து வைத்து, ஒரு நிமிஷம் கை கூப்பி நிற்பாள்.

நீங்கள் போவதானால் ஆனித் திருமஞ்சனத்துக்கோ மார்கழித் திருவாதிரைக்கோ போகலாம். இரண்டும் பெரிய விழாக்கள். வீதி உலாவில் எழுந்தருளுபவர் மாணிக்கவாசகரே. கூட்டம் பிடிக்காதவர்கள் சாதாரண நாளில் போங்கள். பூஜை நேரத்தை அறந்தாங்கியிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். சாதம் ஆறுவதற்குள் சந்நிதியில் இருக்கவேண்டும்.