கரித்துண்டும் காற்சட்டையும்

ஏர் பூட்டிய எருதுகளின் பின்னே நடந்து வளர்ந்தவர் நாம். காளையின் திமிலும், நுகத்தடி பதித்த கழுத்துத் தழும்பும், கலப்பை புரட்டிய ஈரமண்ணின் மணமும் பாடநூலுக்கு முன்னரே நமக்குப் பழக்கமானவை. அதனால்தான் போலும், அண்மையில் ஓவிய நூலொன்றைப் புரட்டியபோது, ஒரு படம் அடுத்த பக்கம் செல்லவிடாது நம்மைப் பிடித்து நிறுத்திற்று.

பிரான்சு நாட்டின் நிவெர்நே பகுதியில் நடைபெறும் உழவு அது. இரண்டு ஏர்கள்; ஏர் ஒன்றுக்கு ஆறு எருதுகள். புரண்டு கிடக்கும் மண்கட்டியைக் கையால் அள்ளலாம் போலிருக்கிறது. ஓர் எருது நம்மையே உற்று நோக்குகிறது. உழவர்களோ எருதுகளின் பேருடலுக்குப் பின்னே பாதி மறைந்து நிற்கின்றனர். மன்னன் இல்லை, மகுடம் இல்லை, விண்ணிலிருந்து இறங்கும் தேவதையும் இல்லை. உழைக்கும் உயிர்களே அந்த ஓவியத்தின் தலைவர்கள்! 1849ஆம் ஆண்டில் அதனை மக்கள்முன் வைத்தவர் ரோசா பொனேர். அப்போது வயது 27. ஆம், தோழர்களே, அவர் ஒரு பெண்!

1822இல் போர்தோ நகரில் பிறந்தவர் ரோசா. தந்தை ரேமோன் ஓவியர். ஆணும் பெண்ணும் நிகர் என்ற சான்-சிமோன் கொள்கையினர். எழுத்தை வெறுத்த மகளுக்கு, எழுத்துக்கொரு விலங்கை வரையச் சொல்லி நெடுங்கணக்கைக் கற்பித்தார் அன்னை சோஃபி. அந்த அன்னை 1833இல் வறுமையில் மறைந்தார். ஊர் வழக்கப்படி ரோசாவைத் தையற்காரியிடம் வேலை பழக அனுப்பினர். ஊசி அவர் கைக்கு ஒத்துவரவில்லை, தூரிகை ஒத்துவந்தது. அரசின் ஓவியப் பள்ளியோ பெண்களுக்குக் கதவடைத்திருந்தது. 1897 வரை அந்தக் கதவு திறக்கவில்லை. தந்தையே ஆசான் ஆனார். லூவர் கூடமே பள்ளி ஆயிற்று. பாரிசில் மாடிக் குடியிருப்பிலும் ஓர் ஆட்டை வளர்த்தனர் பொனேர் வீட்டார். கண்ணெதிரே உயிர் இருந்தால்தானே கை பொய் சொல்லாது!

தோலை வரைய வேண்டுமானால், தோலுக்குள் இருக்கும் எலும்பும் தசையும் தெரிய வேண்டும் என்பது அவர் துணிபு. ஆகவே ஆட்டிறைச்சிக் கொட்டிலுக்கும் மாட்டுத் தொட்டிக்கும் சென்றார். குருதிச் சேற்றில் நின்று வரைந்தார். நீண்ட பாவாடை காலைத் தடுக்கிற்று. ஆடவர் கேலி காதைத் துளைத்தது. காற்சட்டை அணிந்தார். அதற்குக் காவல்துறையின் உரிமச் சீட்டு வேண்டும்! 1800ஆம் ஆண்டு ஆணை அது. ஆறு திங்களுக்கு ஒருமுறை அதனைப் புதுப்பிக்க வேண்டும். மருத்துவர் சான்றும் வேண்டும். காற்சட்டை அணிய விரும்பும் பெண் நோயாளியாம்! அந்த ஆணை செல்லாது என 2013இல்தான் பிரெஞ்சு அரசு வெளிப்படையாகக் கூறிற்று.

அந்தக் காற்சட்டையுடன் பாரிசுக் குதிரைச் சந்தையில் பலநாள் நின்று, 1853இல் 'குதிரைச் சந்தை' ஓவியத்தைக் காட்சிக்கு வைத்தார். ஐந்து மீட்டர் அகலம்! திமிறும் குதிரைகளின் குளம்போசை கேட்பது போன்ற அந்தப் படம், இன்று நியூயார்க் மெட்ரோபாலிடன் கலைக்கூடத்தில் உள்ளது. தூரிகை ஈட்டிய பொருளால் பி என்னும் சிற்றூரில் மாளிகை வாங்கி, ஆடும் மாடும் குதிரையும் சிங்கமும்கூட வளர்த்தார். மணம் செய்துகொள்ளாது, நத்தாலி மிக்கா என்னும் தோழியுடன் வாழ்ந்தார். 1865இல் பேரரசி யூசெனி அவர் வீடு தேடி வந்து லெஜியன் ஆஃப் ஹானர் விருதை அணிவித்தார். அவ்விருது பெற்ற முதல் பெண் ஓவியர் அவரே. 1899இல் மறைந்தார்.

இத்தனையும் படித்து முடித்தபோது நம் நெஞ்சில் எழுந்தது பெருமிதமன்று, நாணம்!

நம் வீட்டுத் தொழுவத்துச் சுவரில், பத்து வயதில் நம் தங்கை அடுப்புக்கரியால் ஒரு காளை வரைந்தாள். திமில் சாய்ந்த விதமும், ஈயை விரட்டச் சுழன்ற வாலும் அப்படியே நம் செவலைக் காளை! "பெண்ணுக்குக் கோலம் போதாதோ?" என்று நகைத்தவர் நாம். பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது, சுண்ணாம்பு வாளியைத் தூக்கிவந்து அப்பாவிடம் கொடுத்தவரும் நாமே. அதன்பின் அவள் கரித்துண்டைத் தொடவேயில்லை.

அவள் ரோசாவாக உயர்ந்திருப்பாளா? எவர் அறிவார்? அறிந்திருக்கக்கூடிய வழியையே அன்று வெள்ளையடித்து மறைத்துவிட்டோமே! மேடையேறிப் பெண்ணுரிமை பேசிய நம் நாவுக்கு, அந்த வாளி ஏந்திய கை எவ்வளவு தொலைவில் இருந்தது!

இளைஞர்களே, ரோசாவைத் தடுத்தது அரசாணை. அதற்கு எதிராக வாதாட இடமுண்டு. நம் வீட்டுச் சிறுமியைத் தடுப்பது அண்ணனின் சிரிப்பு. அதற்கு எந்த மன்றத்தில் வழக்குத் தொடுப்பது? உங்கள் இல்லத்தில் ஒரு சிறுமி கரித்துண்டை எடுத்தால், கோலத்தை நினைவூட்டாதீர். சுவரைக் காட்டுங்கள். சுவர் போதாதெனில், தாள் வாங்கிக் கொடுங்கள்!