முதுமையில் உடன்போக்கு

செலவு என்னுஞ் சொல்லுக்கு இக்காலத்தார் கொள்ளும் பொருள் ஒன்று. பண்டையோர் கொண்ட பொருள் பிறிதொன்று. கைப்பொருள் கழிதலை நாம் செலவென்கிறோம். முன்னோரோ வழிச்செல்லுதலையே செலவென்றனர். பொருள்தேடப் புறப்பட எண்ணிய தலைமகன் தலைவியின் வருத்தங்கண்டு பயணத்தைச் சிறிது தாழ்த்தலைச் ‘செலவழுங்குதல்’ என்று அகப்பொருள் நூலார் கூறுவர். இவ்விரு பொருளும் ஒரு சொல்லின்கண் ஒடுங்கி நிற்றல் வியப்பன்று. வழிநடப்பான் கையிற் பொருள் நில்லாதன்றோ? இதனை யான் வகுப்பிற் கற்பதற்கு முன்னரே பட்டுக்கோட்டையிலுள்ள எம் இல்லத்திற் கண்டறிந்தேன்.

என் பாட்டனார் முப்பத்துநான்கு ஆண்டுகள் பள்ளியாசிரியராகத் தொண்டாற்றி 2013-ஆம் ஆண்டில் ஓய்வுபெற்றார். யாங்கள் ‘அப்பாயி’ என்றழைக்கும் பாட்டியார் அதுகாறும் கண்ட வெளியூர்கள் தஞ்சாவூரும் வேளாங்கண்ணியுமே. ஓய்வுபெற்ற பின்னர், ஆண்டுக்கொருமுறை இருவரும் ஏறத்தாழ நாற்பது நாட்கள் இந்நாட்டைச் சுற்றி வருதல் என்றொரு முடிவு செய்தனர். எம்மூரார் வாழ்க்கையை நாட்காட்டியினும் நெற்பயிரே மிகுதியாக ஆளும். ஆதலின் சம்பா நடவு முடிந்த ஐப்பசியிற் புறப்பட்டு, கிறிஸ்து பிறந்த திருநாளுக்குள் வீடு திரும்புதல் அவர்தம் வழக்கமாயிற்று. அந்நாட்களில் களை பறிப்பதும் கல்லணைக் கால்வாயில் முறைத்தண்ணீர் வருங்கால் வாய்க்காலைப் பார்ப்பதும் பாட்டனாரின் தம்பியார் பொறுப்பு.

ஊரார் இதனை நன்றென்றாரல்லர். “பேரப்பிள்ளைகளை மடியில் வைத்திருக்கும் வயதில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைவானேன்?” என்றனர் சிலர். “ஓய்வூதியம் மருந்துக்கு வேண்டாவா?” என்றனர் பலர். இவர்கள் கூற்றுக்குத் தொல்காப்பியத்திலேயே அரணுண்டு எனலாம். இன்பநுகர்ச்சி நிறைந்த இறுதிக் காலத்தில் கிழவனும் கிழத்தியும் மக்களொடும் அறம்புரியும் சுற்றத்தொடும் கூடியிருந்து சிறந்ததனைப் பயிலுதல் வேண்டும் என்பது கற்பியலின் கருத்து. கடல்வழிச் செலவு மகளிரொடு நிகழ்தலில்லை என்னும் வரையறையும் அந்நூலில் உண்டு. பாலைத்திணை முழுவதும் தலைவன் தனியே செல்கிறான். தலைவி சுவரிற் கோடிட்டு நாளெண்ணி இருக்கிறாள். இருவரும் ஒருங்கு செல்லுஞ் செலவு ஒன்றே ஒன்றுதான்; அஃது உடன்போக்கு. அதுவும் இளையோர்க்கே உரியது. எனினும், ‘சிறந்ததனைப் பயிலுதல்’ என்பது திண்ணையில் இருந்துதான் நிகழ்தல் வேண்டுமென்று தொல்காப்பியர் யாண்டும் கூறிற்றிலர் என்பது என் பாட்டனார் செய்த வாதம்.

நெடும்பயணம் எம் நாட்டார்க்குப் புதிதுமன்று. தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோசி மன்னர் 1820-ஆம் ஆண்டளவிற் பெரும் பரிவாரத்தோடு காசி யாத்திரை போந்தார். அம்மன்னர்க்குப் பல்லக்கும் படையும் இருந்தன. என் பாட்டனார்க்கு இருந்தது ஒரு சுற்றுப்பயணச் சீட்டு. புறப்பட்ட ஊருக்கே திரும்பிச் சேருமாறு வழியை முன்னரே வகுத்துக் கொடுத்தால், இடையில் எட்டு இடங்கள் வரை தங்கிச் செல்லுமாறு இரயில்வேயார் வழங்கும் ஒரே சீட்டு அது. அறுபது நிரம்பிய ஆடவர்க்கு நூற்றுக்கு நாற்பதும், ஐம்பத்தெட்டு நிரம்பிய மகளிர்க்கு நூற்றுக்கு ஐம்பதும் கட்டணக் குறைவு அக்காலத்தில் இருந்தது. 2020 மார்ச்சில் அது நிறுத்தப்பெற்றது. ஆயினும் இரயிலேறுவதற்கு அவ்விருவரும் முதலிற் பேருந்தில் தஞ்சைக்குச் செல்ல வேண்டியிருந்தது. 1902-ஆம் ஆண்டிலேயே இருப்புப்பாதை வந்தெய்திய எம்மூரில், குறுகிய பாதையை அகலப்பாதையாக்கும் பொருட்டு 2012-ஆம் ஆண்டில் வண்டிகள் நின்றன. காரைக்குடிப் பக்கம் 2018-லும் திருவாரூர்ப் பக்கம் 2019-லுமே மீண்டும் வண்டிகள் ஓடலாயின.

முதற் பயணம் 2014-ஆம் ஆண்டு. காசியை நோக்கிச் செல்லுகையில் ஈடார்சி நிலையத்திற் பாட்டனார் தேநீர் வாங்க இறங்கினார். சில்லறை பெறுவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. கைப்பேசியும் சீட்டும் அவர் சட்டைப்பையில் இருந்தன. பணமும் பெட்டிகளும் பாட்டியாரிடம் இருந்தன. பாட்டியார்க்கு இந்தியில் ஒரு சொல்லுந் தெரியாது. உடன்போக்கிற் சென்ற மகளைத் தேடிச் செவிலித்தாய் வழியிற் கண்டாரை வினவுதல் ஒரு துறையன்றோ? இங்கே கண்டோரே வினவினர். எதிர் இருக்கையில் இருந்த படைவீரர் ஒருவர் பாட்டியாரின் முகத்தைப் பார்த்தே நிகழ்ந்ததை உணர்ந்தார். பாட்டியார் விரலால் எழுதிக் காட்டிய பத்து எண்களைத் தம் கைப்பேசியில் அழுத்திப் பாட்டனாரை அழைத்தார். அடுத்த நிறுத்தமாகிய பிபரியாவிற் பெட்டிகளோடு பாட்டியாரை இறக்கி, நிலையத்துப் பணியாளர் ஒருவரிடம் ஒப்புவித்துச் சென்றார். நான்கு மணி நேரங் கழித்துப் பிறிதொரு வண்டியிற் பாட்டனார் வந்திறங்கினார். அழுது முடித்துத் தெளிந்திருந்த பாட்டியார் அவரை நோக்கி, “ஏங்க, டீ கிடைத்ததா?” என்று மட்டும் கேட்டாராம். அன்றுமுதற் பணம் இரண்டு பைகளிற் பிரிந்தது. சீட்டின் படி இருவரிடமும் இருந்தது. பாட்டியார்க்கும் ஒரு கைப்பேசி வந்தது.

இரண்டாம் இடையூறு 2016-ஆம் ஆண்டு நவம்பரில் நேர்ந்தது. பாட்டனார் வரலாற்றில் வேட்கையுடையார். 1706-ஆம் ஆண்டு சீகன்பால்கு ஐயர் வந்திறங்கிய தரங்கம்பாடியைப் பன்முறை கண்டவர். அதனைப்போன்றே டென்மார்க்கு நாட்டினர் ஆட்சியில் இருந்து, அதனோடு ஒருங்கே 1845-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர்க்கு விற்கப்பெற்ற சீராம்பூரைக் காணவேண்டுமென்பது அவர்தம் நெடுநாள் விருப்பம். கேரியார் முதலியோர் 1818-ல் நிறுவிய கல்லூரி ஆங்குண்டு. இருவரும் கல்கத்தாவை அடைந்த மறுநாள் இரவு, ஐந்நூறு ரூபாய், ஆயிரம் ரூபாய்த் தாள்கள் செல்லாவென்னும் அறிவிப்பு வந்தது. நவம்பர் 8-ஆம் நாள் அது. இரண்டு பைகளிலும் இருந்தவை ஐந்நூறு ரூபாய்த் தாள்களே! கையில் நூற்று முப்பது ரூபாய் சில்லறையாக எஞ்சியது. பொழுது விடியும் முன் வங்கி வாயிலில் வரிசையில் நிற்பதும், பொரியும் வாழைப்பழமும் உண்பதுமாக மூன்று நாட்கள் கழிந்தன. விடுதியை அடுத்திருந்த தேநீர்க்கடைக்காரர், முன்பின் அறியாத இவ்விருவர்க்கும் இரண்டு வேளைச் சிற்றுண்டி கடனாகக் கொடுத்தார். கணக்கை ஒரு தாளில் எழுதிப் பாட்டியார் கையிலேயே கொடுத்துவிட்டார். நான்காம் நாள் கடனைத் தீர்த்த பின்னரே சீராம்பூருக்குப் போனார்கள். சீராம்பூரைப்பற்றிக் கேட்டால் பாட்டனார் கல்லூரியின் தூண்களைப் புகழ்வார்; பாட்டியாரோ அத்தேநீர்க்கடைக்காரரையே புகழ்வார்.

மூன்றாவது இடையூறு வழியில் நேர்ந்ததன்று, வீட்டில் நேர்ந்தது. 2018 நவம்பர் 16-ஆம் நாள் விடியற்காலத்தில் வேதாரணியத்தின் அருகே கரைகடந்த கஜாப் புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளின் தென்னந்தோப்புகளைப் பாழாக்கியதை அறியாதார் இலர். அப்போது யான் பன்னிரண்டு வயதுச் சிறுவன். கொல்லையில் நின்ற நாற்பது மரங்களில் நின்றவை மூன்று. பாட்டனாரும் பாட்டியாரும் அன்று ஜெய்ப்பூரில் இருந்தனர். மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போயின. ஆறு நாட்கள் எங்களிடமிருந்து அவர்களுக்குச் செய்தியில்லை. வழக்கமாக வழிச்சென்றோரைப்பற்றி வீட்டிலிருப்போர் அஞ்சுவர். அவ்வாரம் வழிச்சென்றோர் வீட்டைப்பற்றி அஞ்சி, சீட்டின் எஞ்சிய ஊர்களைக் கைவிட்டுத் திரும்பினர். அடுத்த பயணத்திற்கென வைத்திருந்த பணம் முழுவதும் தென்னங்கன்றுகளாயிற்று. நட்ட கன்று காய்க்கும் வரை பொறுத்திருப்போம் என்றார் பாட்டனார். 2020-ல் வந்த கொள்ளைநோய் அப்பொறுமையை மேலும் நீட்டித்தது.

அந்நாட்களிற் பாட்டனார் செய்தித்தாளில் ஒரு செய்தியை வெட்டி வைத்திருந்தார். கொச்சி நகரில் சிறு தேநீர்க்கடை நடத்திய விஜயன், மோகனா என்னும் முதிய தம்பதியரைப்பற்றிய செய்தி அது. கடை வருவாயில் நாள்தோறும் முந்நூறு ரூபாய் எடுத்து வைப்பதும், போதாததற்கு வங்கியிற் கடன் பெறுவதும், பயணம் முடிந்தபின் கடையில் உழைத்து அக்கடனை அடைப்பதும், அடைத்தபின் மீண்டும் புறப்படுவதும் அவர்தம் முறை. 2007-ஆம் ஆண்டு முதல் இவ்வாறு இருபத்தாறு நாடுகளைக் கண்டனர். இறுதியாக 2021 அக்டோபரில் உருசிய நாட்டிற்குச் சென்று மீண்டனர். அடுத்த மாதமே விஜயன் இயற்கை எய்தினார். “கடல்வழிச் செலவு மகளிரொடு இல்லையென்றாரே உங்கள் தொல்காப்பியர், இந்த அம்மையார் இருபத்தாறு நாடு பார்த்திருக்கிறார்” என்று பாட்டியார் அச்செய்தியைக் காட்டி நகைத்தார். வங்கிக்கடன் பெற்றுப் பயணஞ்செய்தலைப் பாட்டனார் ஒப்பவில்லை. “ஆயினும், கடனை அடைத்த பின்னரே அடுத்த பயணம் என்பது கணக்குத் தெரிந்தவர் செய்கை” என்றார்.

2022-ஆம் ஆண்டிற் பாட்டனார் சிறுநீரக நோயுற்றார். ஏழு மாதங்கள் மருத்துவம் நடந்தது. சேமிப்பு மூன்றாம் மாதத்திலேயே தீர்ந்தது. எஞ்சியதற்கு என் தந்தையார் கடன்பட்டார். வீட்டில் ஒருவரும் வாய்திறந்து சொல்லவில்லை. எனினும் அந்நாட்களில் என் தந்தையார் நெஞ்சில் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்ததை யான் அறிவேன். ஐந்து பயணங்களின் செலவைக் கூட்டினால் அக்கடனிற் பெரும்பகுதி இல்லாதிருக்கும். ஊரார் முன்னர்க் கூறிய மொழி மெய்யாயிற்று. பாட்டனார் அதனை உணர்ந்தே இருந்தார். ஒருநாள் தந்தையாரை அழைத்து, “தம்பி, உன்மேற் சுமையை வைத்துவிட்டேன்” என்றார். தந்தையார், “அப்படியொன்றுமில்லை அப்பா” என்று கூறி வெளியே போய் நெடுநேரம் வரவில்லை. அவ்வாண்டின் இறுதியிற் பாட்டனார் காலமானார்.

பயணம் அறிவை வளர்க்கும் என்று மேடையிற் கூறுதல் எளிது. அதற்கு விலையுண்டு என்பதும், அவ்விலையைச் சிலவேளை பிறர் செலுத்த நேரும் என்பதும் மேடையிற் கூறப்படுவதில்லை. ஆதலின் ஊரார் கூற்று முழுவதும் அறியாமையென்று யான் ஒதுக்கேன். ஆனால் அவர்கள் கணக்கில் ஒரு பத்தி விடுபட்டது. அடக்கம் முடிந்த சில திங்களுக்குப்பின் உறவினர் ஒருவர், “அலைந்து தீர்த்த பணம் இருந்திருந்தால்...” என்று பாட்டியாரிடம் தொடங்கினார். பாட்டியார் சினந்தாரல்லர். “மருந்துக்குக் கொடுத்த பணமும் போயிற்று, அவரும் போனார். வழிக்குக் கொடுத்த பணம் என்னிடம் இருக்கிறது. பிபரியாவில் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தேனே, அதை இன்றைக்கு நினைத்தாலும் அவர் வண்டியிலிருந்து இறங்கி வருகிறார்” என்றார். என் தந்தையார் அப்பொழுது அருகில் இருந்தார்.

கொச்சி மோகனா அம்மையார் கணவர் மறைந்தபின் 2023-ல் ஜப்பான் நாடு சென்றாரென்ற செய்தியைப் பாட்டியார் தாமே வெட்டி வைத்தார். பழைய சீட்டுக்களுள் காணாது விடப்பட்ட ஊர் ஒன்றுண்டு. புயலால் அழுங்கிய அமிர்தசரஸ். 2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தந்தையார் கடன் முற்றும் அடைந்தது. அவ்வாண்டு ஐப்பசியில் எவருங் கேளாமலே தந்தையார் இரண்டு சீட்டுக்கள் வாங்கிவந்து மேசைமேல் வைத்தார். குடும்ப ஓய்வூதியத்திலிருந்து அத்தொகையைப் பாட்டியார் நீட்ட, அவர் பெற்றிலர். பாட்டியாரொடு உடன்சென்றவர் அவர்தம் தோழியாகிய ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர். அகப்பொருளில் தோழி வேறு, செவிலி வேறு. எங்கள் வீட்டிற்கு இருவரும் ஒருவராக வாய்த்தனர்.

பொற்கோயிலில் வந்தோர் அனைவர்க்கும் வேறுபாடின்றி இடும் உணவைத் தரையில் அமர்ந்து உண்டதைப்பற்றியும், திரும்பும் வழியிற் பனிமூட்டத்தால் வண்டி பதினொரு மணி நேரந் தாழ்த்ததைப்பற்றியும் பாட்டியார் நாள்தோறும் கூறுகிறார். இரண்டையும் ஒரே மகிழ்ச்சியோடு கூறுகிறார். இடையூறின்றிக் கழிந்த நாட்கள் அவர் நினைவில் மிகுதியாக நிற்கவில்லை. வழியில் தவறியதும், பசித்ததும், தாழ்த்ததும், அவ்வப்போது பெயரறியாதார் ஒருவர் வந்து உதவியதுமே நிற்கின்றன.

கல்லூரியை விட்டு யாம் ஒவ்வொருவரும் பொருள்தேடிப் பாலைவழிச் செல்லுங் காலம் அண்மையில் உளது. அச்செலவில் எத்தனையோ ஊர்களைக் காண்போம். வீட்டிலிருக்கும் முதியோர்க்கும் ஒரு செலவு எஞ்சியிருக்கலாம் என்பதை நினைத்து, கேளாமுன்னரே சீட்டு வாங்கிக் கொடுக்கும் மனம் நமக்கு வாய்க்குமாயின் நன்று. வாங்குகையிற் படியொன்று எடுத்து இருவர் கையிலும் கொடுத்தலை மறவாதிருத்தல் அதனினும் நன்று.