ஆமதாபாத்தும் ஒரு சிறு பறவையின் காலும்

சபர்மதி நதிக்கரையில் சுல்தான் அகமது ஷா 1411ஆம் ஆண்டில் அமைத்த ஆமதாபாத் நகரம் பல வகையாலும் பெயர் பெற்றது. காந்தியடிகளின் ஆசிரமத்தைக் கொண்டு அதனை அறிந்தோர் பலர். பஞ்சாலைகளைக் கொண்டு அறிந்தோர் பலர். மரச்சிற்பங்கள் நிறைந்த பழைய வீடுகளைக் காணவென்றே வருவோர் பலர். மதில் சூழ்ந்த அப்பழைய நகரை 2017ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய நகரமாக ஏற்றுக்கொண்டது. ஆயினும், இந்நகரம் ஒரு சின்னஞ்சிறு குருவிக்குத் தன் பெயரையே ஈந்திருக்கிறது என்பதை அங்கே நெடுங்காலம் குடியிருப்போரும் அறிந்திருப்பது அரிது.

நாம் சிவப்புச் சில்லை என்றும், வடநாட்டார் லால் முனியா என்றும் சொல்லும் பறவையே அது. எடை பத்துக் கிராமை ஒட்டியிருக்கும். மழைக்காலம் வந்ததும் ஆண் குருவியின் உடல் குங்குமமெனச் சிவந்து, அதன்மேல் வெண்புள்ளிகள் முத்துப்போலத் தோன்றும். முன்னாளில் இப்பறவைகளைக் கூண்டுகளில் அடைத்து, ஆமதாபாத்திலிருந்து அயல்நாடுகளுக்கு அனுப்பினர். உள்ளூரார் நாவில் ‘அம்தாவாத்’ என வழங்கும் ஊர்ப்பெயர், ஆங்கிலேயர் நாவில் ‘அவடவட்’ எனத் திரிந்து பறவையின் பெயராகிவிட்டது. ஃபிரையர் என்னும் ஆங்கில மருத்துவர், 1698இல் அச்சேறிய தம் பயண நூலில், ஒரு கூண்டுக்கு ஐம்பதாக அடைபட்டுச் சேர்ந்திசைத்த இக்குருவிகளைக் குறித்து எழுதியுள்ளார். 1758இல் லின்னேயஸ் என்னும் இயற்கை அறிஞர் இட்ட ‘அமாண்டவா’ என்ற அறிவியல் பெயரிலும் நம் ஆமதாபாத்தே மறைந்து நிற்கிறது.

இன்று இப்பறவையைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், பின்னர் அதில் செய்யப்பட்ட திருத்தங்களும் இந்நாட்டுக் காட்டுப் பறவைகளின் வாணிகத்தைத் தடுத்துவிட்டன. எனவே, வீடுகளில் இன்று கூண்டில் காணப்படுவது பெரும்பாலும் ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட ஜீப்ரா ஃபின்ச் என்னும் சிறு பறவையே. கழுத்திலும் மார்பிலும் வரிக்குதிரையைப் போன்ற மெல்லிய கோடுகள். பவழ நிற அலகு. எடை பன்னிரண்டு கிராம் அளவு. பல தலைமுறைகளாகக் கூண்டிலேயே பிறந்து வளர்ந்துவிட்ட இனம் இது.

ஆமதாபாத்தின் பழைய தெருக்களைப் ‘போள்’ என்பர். ஒரே வாயிலுக்குள் பல வீடுகள் நெருங்கியிருக்கும் அக்குடியிருப்புகளுக்குள் நுழைந்தால், முற்றத்தின் நடுவே தூணின்மேல் மாடம்போல் ஒன்று நிற்பதைக் காணலாம். அதுவே ‘சபுத்ரோ’. பறவைகளுக்குத் தானியமும் நீரும் வைப்பதற்கென்றே மரத்தாலும் கல்லாலும் கட்டப்பட்ட அழகிய மேடை அது. மனிதருக்கே இடம் போதாத சந்துகளில் பறவைக்கென ஒரு மாடம் எழுப்பிய மக்களின் உள்ளத்தை என்னென்பது! நோயுற்ற கால்நடைகளையும் பிற உயிர்களையும் புரக்கும் ‘பாஞ்சராபோள்’ என்னும் அறநிலையங்களும் குஜராத்தில் நெடுங்காலமாக உண்டு. சமண சமயத்தாரின் ஜீவகாருண்யம் இவ்வூரின் காற்றிலேயே கலந்திருக்கிறது எனலாம்.

ஆனால் இவ்வூருக்கு மற்றொரு முகமும் உண்டு. அது நூலின் முகம். 1861ஆம் ஆண்டில் ரஞ்சோட்லால் சோட்டாலால் தொடங்கிய பஞ்சாலையை அடுத்து, ஆலைகள் பல பெருகின. நூலை நாடித் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களும் வந்து, மணிநகர் முதலிய பகுதிகளில் குடியேறின. அந்த ஆலைகளிற் பல இன்று மூடிக்கிடந்தாலும், நூலின் விழா மட்டும் ஆண்டுதோறும் குறையாமல் நடைபெறுகிறது. தை பிறக்கும் சனவரி 14ஆம் நாளிலும், அதற்கு மறுநாளும், ‘உத்தராயண்’ என்று சொல்லி நகரமே மொட்டைமாடியில் ஏறிக் காற்றாடி விடும். கண்ணாடித்தூள் பூசிய மாஞ்சா நூல் வானமெங்கும் குறுக்கும் நெடுக்கும் ஓட, கூட்டுக்குத் திரும்பும் புறாவும் கிளியும் அரிவாள்மூக்கனும் இறகறுந்து வீழ்கின்றன. நைலான் மாஞ்சாவைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017இல் நாடு முழுவதற்கும் தடை செய்தது. அதே ஆண்டு முதல், குஜராத் அரசு ‘கருணா அபியான்’ என்ற பெயரில், விழாவையொட்டிய நாட்களில் பறவைகளுக்கான சிகிச்சை முகாம்களை நடத்தி வருகிறது. கால்நடை மருத்துவர்களும் தொண்டர்களும் இரவு பகலாக அங்கே உழைப்பதை நேரில் காண்போர், ஊரின் இரு முகங்களையும் ஒருங்கே காண்பர்.

நூலால் வரும் துன்பம் வானத்துப் பறவைக்கு மட்டும் உரியதன்று; வீட்டுக் கூண்டிலும் அது நுழையும். மணிநகரில் எனக்கு அறிமுகமான தமிழ்க் குடும்பம் ஒன்றில் ஓர் இணை ஜீப்ரா ஃபின்ச் வளர்ந்தன. கூடு கட்டுவதற்கென்று கடையில் வாங்கி இட்ட பஞ்சுப்பொதியில் ஓர் இழை நீண்டிருந்திருக்கிறது. ஆண் பறவையின் வலக்காலில் அது சுற்றி இறுகியது. சனவரி மாதத்துக் காலைப்பொழுதில், பள்ளிக்குப் புறப்பட்ட சிறுமி, பறவை கூண்டின் தரையில் உடல் உப்பி அமர்ந்திருப்பதைக் கண்டாள். கால் வீங்கிக் கருத்திருந்தது.

அண்டை வீட்டில் எழுபது வயதைக் கடந்த குஜராத்தி மூதாட்டி ஒருவர் இருக்கிறார். குடியிருப்பில் அனைவரும் அவரைத் தாய் என்னும் பொருள்பட ‘பா’ என்றே அழைப்பர். நாள்தோறும் பறவைகளுக்குக் கம்பு தூவாமல் அவர் உணவு கொள்வதில்லை. செய்தி கேட்டு வந்தவர், சிறுமியின் தாயை நோக்கி, “பேன், அதைப் பறக்க விட்டுவிடு. ஜீவனை அடைத்து வைத்துச் சாகவிடுவது பாவம்” என்றார்.

“பா, இது இந்நாட்டுக் காட்டுப் பறவையன்று. வெளியே விட்டால் இரை தேடவும் தெரியாது. பருந்துக்கும் குளிருக்கும் இன்றிரவே இரையாகும். இதைக் காப்பதானால் வீட்டில் வைத்துத்தான் காக்கவேண்டும்” என்று அந்த அம்மையார் பணிவுடன் விடை கூறினார்.

மூதாட்டி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, பறவைகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவர் ஒருவர் இருக்குமிடத்தைச் சொல்லி, ஆட்டோவையும் தாமே அழைத்து நிறுத்தினார்.

மருத்துவர் பூதக்கண்ணாடியின் துணையால் இழையைத் துண்டு துண்டாக அறுத்தெடுத்தார். ஆயினும் இழைக்குக் கீழே குருதியோட்டம் நின்று நெடுநேரமாகியிருந்தது. “இக்கால் பிழைக்காது, பறவை பிழைக்கலாம்” என்றார் அவர். பன்னிரண்டு கிராம் உடம்பில் உள்ள மொத்தக் குருதியே ஏறத்தாழ ஒரு மில்லிலிட்டர், அதாவது இருபது சொட்டு. ஆதலால் உடனே அறுவை செய்வதைவிட, செத்த பகுதி உலர்ந்து தானே உதிரும்வரை மருந்திட்டுக் காப்பதே இந்நோயாளிக்கு நல்லது என்று அவர் முடிவு செய்தார். அவர் சொல்லியனுப்பிய முறைகள் பறவை வளர்க்கும் வீட்டார் அனைவருக்கும் பயன்படுமாதலால் இங்கே தருகிறேன்.

அடிபட்ட சிறு பறவைக்கு முதல் மருந்து வெப்பம். ஆமதாபாத்தில் சனவரி இரவுகள் 12 டிகிரி வரை குளிரும். நோயுற்ற ஃபின்ச்சுக்கு 28 முதல் 30 டிகிரி வேண்டும். சிறு பெட்டியொன்றின் பாதியடியில் மட்டும் துணி சுற்றிய வெந்நீர்ப் பையை வைக்கவேண்டும். மறுபாதி குளிர்ந்திருந்தால், பறவை தனக்கு வேண்டிய இடத்தைத் தானே தேர்ந்துகொள்ளும். அலகைத் திறந்து மூச்சு வாங்கினால் வெப்பம் மிகுந்துவிட்டதென்று அறியலாம்.

இரண்டாவது, இடச்சுருக்கம். பெரிய கூண்டில் தாவித் தாவி விழுந்தால் காயம் பெருகும். அமரும் கொம்புகளை நீக்கிவிட்டு, தரையில் வழவழப்பற்ற தாளை விரிக்கவேண்டும். இழை பிரியும் துவாலை கூடாது. நகம் அதில் சிக்கும். தினையையும் ஆழமற்ற கிண்ணத்தில் நீரையும் அலகுக்கு எட்டும் தொலைவில் வைக்கவேண்டும். இத்துணைச் சிறிய பறவை ஒரு பகல் முழுதும் உண்ணாதிருந்தால் உயிருக்கே ஆபத்து.

மூன்றாவது, கையை அடக்குதல். இதுவே நமக்கு மிகக் கடினம். பறவைக்கு நம்மைப்போல் உதரவிதானம் இல்லை. மார்பெலும்பு அசைந்தால்தான் மூச்சு விடமுடியும். அன்பு மிகுதியால் கைக்குள் இறுகப் பொத்தினால் மூச்சு முட்டும். அடிக்கடி தொடுவதும், கூண்டைச் சூழ்ந்து நின்று பேசுவதும் அதற்கு அச்சத்தையே தரும். மெல்லிய துணியால் பெட்டியை மூடி அமைதியாக விட்டுவிடுவதே மேல். எனினும் துணைப்பறவையின் குரல் கேட்கும் தொலைவில் வைப்பது நன்று. ஃபின்ச் கூட்டமாக வாழும் இனம். தனிமை அதற்கு ஆகாது.

நான்காவது, நம் வீட்டு மருந்துகளை விலக்குதல். மனிதருக்குரிய வலிநீக்கி மாத்திரையின் துகளும் அதற்கு நஞ்சாகலாம். எண்ணெய்ப் பசையுள்ள களிம்பு இறகில் படிந்தால், உடல் வெப்பம் காக்கும் ஆற்றல் கெடும். இறகைக் கோதும்போது வயிற்றுக்குள்ளும் செல்லும். எலும்பு முறிந்திருந்தால் தீக்குச்சி வைத்து நாமே கட்டுவதும் தவறு. சிறு பறவையின் முறிந்த காலுக்கு மருத்துவர் ஒட்டுநாடாவாலேயே இலேசான கட்டுப் போடுவர். இரண்டு மூன்று வாரங்களில் பெரும்பாலும் எலும்பு கூடிவிடும்.

அம்மணிநகர் வீட்டில் அந்நாட்களில் ஒரு முறை ஏற்பட்டது. பகலில் தாய், மாலையில் சிறுமி, நள்ளிரவில் வெந்நீர்ப் பை ஆறிப்போகும் வேளையில் மூதாட்டி. வயது காரணமாகத் தமக்கு உறக்கம் குறைவென்று சொல்லி, அப்பொறுப்பை அவரே கேட்டுப் பெற்றுக்கொண்டார். ஒவ்வோர் இரவும் கதவை ஓசையின்றித் திறந்து, பையை மாற்றி, பெட்டிக்குள் பாராமலே திரும்பிச் செல்வார். பார்த்தால் பறவை அஞ்சும் என்று மருத்துவர் சொன்னதை அவர் மறக்கவில்லை. தினைப்புனத்தில் பறவைகளை ஓட்டிய வள்ளியின் கதையைக் கேட்டு வளர்ந்த தமிழ்ச் சிறுமியோ, தினையை எண்ணி எண்ணி வைத்து, எத்தனை மணி குறைந்தது என்று ஏட்டில் குறித்து வந்தாள். மூன்றாம் நாள் ஏட்டில் இருந்த எண் மிகச் சிறியது. அன்று வீட்டில் எவரும் சரிவர உண்ணவில்லை. ஐந்தாம் நாள் எண் உயர்ந்தது. ஒன்பதாம் நாள், உலர்ந்த கால் குருதியின்றி உதிர்ந்தது.

பறவை பிழைத்தது என்றதும் பணி முடிந்துவிடுவதில்லை. பறவை விரல்களால் கொம்பைப் பற்றி அமரும். ஒற்றைக்காலனுக்கு முழுச் சுமையும் ஒரு காலின்மேல் விழுவதால், உள்ளங்காலில் புண் உண்டாகும். எனவே உருண்டைக் கொம்புகளோடு அகலமான தட்டை மேடைகளும் வேண்டும். அவற்றின்மேல் மென்மையான உறையும் வேண்டும். கொம்புகளைத் தாழ்வாக அமைத்து, உள்ளங்காலை வாரந்தோறும் நோக்கவேண்டும்.

வருமுன் காப்பதோ இவை எல்லாவற்றினும் எளிது. கூடு கட்டப் பஞ்சும் நூலும் இடாமல், குட்டையாக நறுக்கிய உலர்ந்த புல்லை இடலாம். காலில் வளையம் இருப்பின் அது இறுகுகிறதா என்று பார்த்துக்கொள்ளவேண்டும். நீண்ட நகங்களைத் தக்கவரைக் கொண்டு வெட்டிவிடவேண்டும். பறவைகள் நோயை மறைக்கும் இயல்பின. கூண்டின் தரையில் உப்பி அமர்ந்த பறவையை நாளை பார்க்கலாம் என்று ஒத்திப்போடலாகாது. நாம் குடியேறிய ஊரில் பறவை மருத்துவர் எங்கே இருக்கிறார் என்பதைத் துன்பம் வருமுன்பே அறிந்து வைத்தல் நலம். அதனை அறிய அண்டை வீட்டாரைவிடச் சிறந்த வழிகாட்டி இல்லை.

ஆமதாபாத் செல்லும் அன்பர்கள் ஆசிரமத்தையும் ஆலைகளையும் காண்பதோடு, ஏதேனும் ஒரு போளின் முற்றத்தில் சிறிது நேரம் நின்று சபுத்ரோவையும் காணவேண்டும். உயிர்களிடத்து இரக்கம் எல்லா ஊரிலும் உண்டு. அவ்விரக்கத்துக்குத் தூண் நிறுத்தி, மாடம் கட்டி, நாள்தோறும் தானியம் வைத்துப் பழகிய ஊர் அது. இரக்கத்தோடு அறிவும் பொறுமையும் கூடும்போது இருபது சொட்டுக் குருதியுள்ள உயிரும் பிழைக்கிறது. மணிநகர் வீட்டில் அந்த ஒற்றைக்கால் பறவை இன்று தட்டை மேடையில் அமர்ந்து தன் துணைக்குப் பாடுகிறது. மாலை வேளைகளில் மூதாட்டி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அதனைக் கேட்கிறார். அருகில் சிறுமி அவரிடம் குஜராத்தி எழுத்துக் கற்கிறாள்.