சுமந்தவர் காணாத நகரம்

தென் அமெரிக்காவின் மேற்குக் கரை நெடுகிலும் சுவர்போல் எழுந்து நிற்கிறது ஆண்டிஸ் மலைத்தொடர். அந்த மலைகளின் மடியில் பதினைந்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஒரு பேரரசு தலையெடுத்தது. இன்றைய கொலம்பியாவின் தென்கோடியிலிருந்து சிலி நாட்டின் நடுப்பகுதி வரை அதன் ஆட்சி பரவியது. அதை ஆண்டவர்களை இன்காக்கள் என்று வரலாறு அழைக்கிறது. சக்கரம் பூட்டிய வண்டி அவர்களிடம் இல்லை. குதிரை இல்லை; மாடு இல்லை; இரும்புக் கருவிகளும் இல்லை. எழுத்துகூட இல்லை, கயிறுகளில் முடிச்சிட்டுக் கணக்கு வைத்தார்கள். ஆயினும் முப்பதாயிரம் கிலோமீட்டருக்கும் அதிகமான சாலைகளை அவர்கள் அமைத்தார்கள். 2014ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் அச்சாலைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது, ஆறு நாடுகள் அந்தப் பெருமையைப் பகிர்ந்துகொண்டன.

வண்டியும் குதிரையும் இல்லாத நாட்டில் அத்தனை கல்லையும் தானியத்தையும் சுமந்தது எது? பெரும்பாலும் மனிதனின் முதுகும் கால்களும்தாம்!

2024ஆம் ஆண்டு மே மாதம் நானும் என் மகனும் அச்சாலையின் ஒரு சிறு பகுதியில் நடந்தோம். ஒரு நாள் ஆற்றில் ஓடப் பயணம். பின்பு நான்கு நாள் மலை நடை. வழிகாட்டியுடன் கூடிய சுற்றுலா. மகன் பல மாதங்களுக்கு முன்பே ஏற்பாடு செய்திருந்தான். பழைய கற்களைக் காணும் ஆவலோடுதான் புறப்பட்டேன். ஆனால் திரும்பி வந்த பின் என் நெஞ்சில் நிற்பவை கற்கள் மட்டும் அல்ல.

கல்லின் மேல் கல்

பெரு நாட்டின் தலைநகர் லிமாவிலிருந்து விமானத்தில் குஸ்கோ சென்று இறங்கினோம். இன்காக்களின் தலைநகராய் விளங்கிய ஊர் அது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரம். நான்கு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. உடல் அந்த உயரத்துக்குப் பழகும்வரை இரண்டு நாள் ஓய்வெடுக்கச் சொன்னார்கள். விடுதியில் கோக்கா இலையிட்ட வெந்நீரைக் கொடுத்தார்கள். மலைவாழ் மக்கள் அவ்விலையைத் தலைமுறை தலைமுறையாக மென்று வருகிறார்கள். பெருவில் அதற்குத் தடையில்லை. ஆனால் வெளிநாடுகள் பலவற்றில் அதைக் கொண்டு செல்வது குற்றம்.

ஓய்வு நாட்களில் ஊரைச் சுற்றிப் பார்த்தோம். இன்காக்களின் பொற்கோயிலாக இருந்த கொரிகாஞ்சாவின் சுவர்கள்மீது ஸ்பானியர் தங்கள் மடாலயத்தைக் கட்டினார்கள். 1950ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் மேலே கட்டப்பட்டது பெரிதும் சிதைந்தது. அடியில் இருந்த இன்காச் சுவர் அசையாமல் நின்றது. சாந்து பூசாமல், ஒரு கல்லோடு மறுகல் இழைந்து நிற்கும் அச்சுவரின் இடுக்கில் கத்தி முனையும் நுழையாது. ஊருக்கு மேலே சாக்சைவாமன் கோட்டையில் நிற்கும் கற்களில் மிகப் பெரியதன் எடை நூறு டன்னுக்கும் மேல் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்.

ஆற்றின் மடியில்

மூன்றாம் நாள் உருபாம்பா ஆற்றுக்குச் சென்றோம். இதன் மேற்பகுதிக்கு வில்கனோத்தா என்று பெயர். மலைகளை அறுத்துக்கொண்டு ஓடும் இந்நீர், வேறு ஆறுகளோடு கலந்து இறுதியில் அமேசானில் சேர்கிறது. அதாவது, பசிபிக் கடலுக்கு அருகே பிறக்கும் நீர் கண்டத்தையே கடந்து அட்லாண்டிக் கடலில் விழுகிறது!

காற்றடைத்த ரப்பர் ஓடத்தில் அறுவர் அமர்ந்தோம். மிதவைச் சட்டையும் தலைக்கவசமும் அணிவித்தார்கள். பின்னால் நின்ற ஓட்டுநர் "முன்னே" என்றால் துடுப்பை முன்னே போட வேண்டும். "உள்ளே" என்றால் ஓடத்தின் நடுவில் குனிந்து கொள்ள வேண்டும். மே மாதம் மழை ஓய்ந்து ஆறு அடங்கியிருக்கும் காலம். ஆயினும் பாறைகளுக்கிடையே ஓடம் சரிந்து இறங்கிய ஒவ்வொரு முறையும் பனிநீர் முகத்தில் அறைந்தது. மகன் உரக்கச் சிரித்தான். நான் கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அமைதியான நீர்ப்பரப்பை அடைந்ததும் நிமிர்ந்து பார்த்தோம். இருபுறமும் மலைச்சரிவில் படிக்கட்டுபோல் அடுக்கடுக்காய் வயல்கள். அவற்றைத் தாங்கும் கற்சுவர்கள் இன்காக்கள் எழுப்பியவை. ஆற்றையும் அவர்கள் சும்மா விடவில்லை. பிசாக் என்னும் ஊருக்கருகே, வளைந்து ஓடிய ஆற்றை மூன்று கிலோமீட்டருக்கும் மேல் நேராக்கிக் கல்லால் கரை கட்டினார்கள். வயல்களை மலைமீதும் நீரை அதன் தடத்திலும் நிறுத்திய மக்கள் அவர்கள். அதே ஆற்றின் நீரை வாயில் படவிட வேண்டாம் என்று ஓட்டுநர் எச்சரித்தார். மேலே உள்ள நகரங்களின் கழிவுநீர் இன்று அதில் கலக்கிறது. ஆறு தன் பலத்தையும் அவ்வப்போது நினைவூட்டாமல் இல்லை. 2010ஆம் ஆண்டு சனவரியில் பெருமழையால் பெருகி இரயில் பாதையை அரித்துச் சென்றதில், ஆயிரக்கணக்கான பயணிகள் மலையடிவாரத்தில் சிக்கினர். அவர்களை ஹெலிகாப்டர் மூலம் மீட்க வேண்டியதாயிற்று.

களைத்த கற்கள்

ஓடப் பயணத்துக்குப் பின் ஒல்லாந்தாய்தம்போ என்னும் ஊரில் தங்கினோம். அங்குள்ள மலைக்கோட்டையின் உச்சியில் இளஞ்சிவப்பு நிறப் பெருங்கற்கள் ஆறு, தோளோடு தோள் சேர்ந்து நிற்கின்றன. அவை அந்த மலையைச் சேர்ந்தவை அல்ல. ஆற்றுக்கு அப்பால் எதிர்மலையின் உயரத்தில் இருக்கிறது கல் வெட்டிய இடம். அங்கிருந்து கீழே இறக்கி, ஆற்றைக் கடக்கச் செய்து, மறுபடியும் மலைமீது ஏற்றியிருக்கிறார்கள். கயிறு, சரிவுப்பாதை, மனித பலம் ஆகிய மூன்றையும் கொண்டே இதைச் செய்தார்கள்.

கொண்டுவரும் வழியில் கைவிடப்பட்ட கற்கள் சில இன்றும் வயல் வெளியில் கிடக்கின்றன. ஊரார் அவற்றைக் 'களைத்த கற்கள்' என்கிறார்கள். கல் களைத்துப் போய் வழியில் படுத்துவிட்டதாம்! கல்லையே களைக்க வைத்த பாதையில், அதை இழுத்தவர்களின் களைப்பு எத்தகையதாக இருந்திருக்கும்?

இன்கா ஆட்சியில் குடிமக்கள் செலுத்திய வரி உழைப்பே. மித்தா என்று அதற்குப் பெயர். ஆண்டில் சில காலம் அரசுக்காகச் சாலை போட வேண்டும். கல் இழுக்க வேண்டும். வயலில் உழைக்க வேண்டும். அந்த நாட்களில் அவர்களுக்கு உணவளிப்பது அரசின் கடமை. 1532ஆம் ஆண்டு ஸ்பானியர் வந்து அரசன் அதாஹுவால்பாவைச் சிறைப்பிடித்தார்கள். அறை நிறையப் பொன்னைப் பெற்றுக்கொண்டும், அடுத்த ஆண்டு அவனைக் கொன்றார்கள். 1570களில் வைசிராய் தொலேதோ அந்தப் பழைய மித்தா முறையையே எடுத்து, மலைமக்களைப் பொத்தோசி வெள்ளிச் சுரங்கத்துக்கு அனுப்பினார். பெயர் மாறவில்லை, இரக்கம்தான் இல்லாமல் போயிற்று. பின்னர் அவர்கள் பண்ணையாரின் நிலத்தில் ஒடுங்கினார்கள். அந்த நிலங்கள் பிரித்துக் கொடுக்கப்பட 1969ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

எடைத் தராசு

மறுநாள் காலை மலை நடை தொடங்கும் இடத்தை அடைந்தோம். குஸ்கோவிலிருந்து வரும் இரயில் பாதையின் 82ஆவது கிலோமீட்டரில் அது உள்ளது. இங்கிருந்து மச்சு பிச்சு வரை ஏறத்தாழ 43 கிலோமீட்டர். வழிகாட்டி இன்றி எவரும் இப்பாதையில் நடக்க முடியாது. நாளொன்றுக்கு 500 பேருக்கே அனுமதி. அந்த 500 பேரில் பயணிகள் ஏறத்தாழ 200 பேர்தாம்! எஞ்சியவர்கள் வழிகாட்டிகளும் சமையற்காரர்களும் சுமைதூக்குவோரும். ஒருவர் விடுமுறையைக் கழிக்க ஒருவருக்கும் மேல் உழைக்க வேண்டும் என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடுகிறது.

எங்கள் குழுவில் பயணிகள் எண்மர். எங்களுக்காகச் சுமந்து வந்தவர்கள் பதின்மூவர். கூடாரங்கள், அரிசி, உருளைக்கிழங்கு, முட்டை, எரிவாயு உருளை, மேசை, நாற்காலி, எங்கள் பைகள் யாவும் அவர்கள் முதுகில்.

சோதனைச் சாவடியில் ஒரு தராசு தொங்கியது. ஒவ்வொருவரும் தம் சுமையை அதில் மாட்டி எடை காட்டிய பின்பே உள்ளே விடப்பட்டனர். 2001ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம், ஒருவர் சுமக்கும் பாரத்துக்கு 20 கிலோ என வரம்பு கட்டியது. அதற்கு முன் நாற்பது கிலோவுக்கும் மேல் சுமந்தவர்கள் உண்டு என்றார் எங்கள் வழிகாட்டி.

பாதையோரம் லாமாக்கள் மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றைச் சுட்டிக்காட்டி அவர் மேலும் ஒன்று சொன்னார்: "லாமா முப்பது கிலோ வரை சுமக்கும். அதற்கு மேல் ஏற்றினால் உட்கார்ந்துவிடும், எழுப்பவே முடியாது."

விலங்குக்கு அந்த உரிமை இயல்பாகவே இருந்திருக்கிறது. மனிதனுக்கு அதைப் பெற்றுத் தர ஒரு சட்டம் வேண்டியிருந்தது.

கணவாயைக் கடந்து

இரண்டாம் நாள்தான் கடினமானது. 'இறந்த பெண்' என்று பொருள்படும் வார்மி வான்யுஸ்கா கணவாய் 4,215 மீட்டர் உயரத்தில் உள்ளது. பத்து அடி நடப்பதும், நின்று மூச்சு வாங்குவதுமாக ஏறினேன். எங்களுக்குப் பின்னால் முகாமைப் பிரித்துக்கொண்டு புறப்பட்டவர்கள் எங்களைக் கடந்து விரைந்தார்கள். கார் டயரில் செய்த செருப்பு, கன்னத்தில் அடக்கிய கோக்கா இலை, குனிந்த முதுகு. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கூடாரங்கள் எழுந்திருந்தன. அடுப்பில் நீர் கொதித்துக்கொண்டிருந்தது. சோர்ந்து வந்த எங்களை அவர்கள் கைதட்டி வரவேற்றபோது எனக்கு வெட்கமாயிருந்தது. யாருக்கு யார் கைதட்டுவது?

உணவில் எங்களுக்குக் குறையேதும் நேரவில்லை. நாங்கள் இறைச்சி உண்ணமாட்டோம் என்று முன்பே சொல்லியிருந்தோம். கினுவா தானியக் கஞ்சி, முட்டை, மீன், விதவிதமான உருளைக்கிழங்கு என்று சமையற்காரர் அன்போடு பரிமாறினார். உருளைக்கிழங்கு உலகெங்கும் சென்றது இந்த மலைகளிலிருந்துதானே! கூடாரத்தின் ஓரத்தில் போர்வை விரித்து நாங்கள் தொழுதபோது, பேசிக்கொண்டிருந்த சுமைதூக்குவோர் தாமாகவே குரலைத் தாழ்த்திக் கொண்டார்கள்.

மூன்றாம் நாள் பாதை இறங்கத் தொடங்கியது. 'மேகத்துக்கு மேலுள்ள ஊர்' என்னும் பொருள் கொண்ட புயுபாத்தாமார்க்காவின் கல்தொட்டிகளில் இன்றும் நீர் ஓடுகிறது. ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன் வெட்டிய வாய்க்கால் இன்னும் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

அன்று மாலை 'என்றும் இளமை' எனப் பொருள்படும் வின்யாய் வாய்னா அருகே கடைசி முகாம். என் பையைச் சுமந்து வந்தவர் ஐம்பது வயதைக் கடந்த விவசாயி. வழிகாட்டியின் துணையோடு அவரிடம் பேசினேன். அவர் கெச்சுவா மொழியில் சொன்னதை வழிகாட்டி எங்களுக்கு விளக்கினார். ஊரில் உருளைக்கிழங்கு அறுவடை நடப்பதாகவும், மனைவியும் மகளும் அதைப் பார்த்துக்கொள்வதாகவும், இந்தப் பணத்தில்தான் மகளின் படிப்பு நடப்பதாகவும் கூறினார்.

"ஐயா, மச்சு பிச்சுவில் உங்களுக்கு மிகவும் பிடித்த இடம் எது?" என்று என் மகன் கேட்டான்.

அவர் சிரித்தார். பதினாறு ஆண்டுகளாக இந்தப் பாதையில் சுமக்கிறாராம். ஒரு முறைகூட நகரத்துக்குள் சென்றதில்லையாம்!

நாங்கள் திகைத்துப் போனோம். வழிகாட்டி காரணத்தை விளக்கினார். நான்காம் நாள் விடியுமுன் சுமைதூக்குவோர் முகாமைப் பிரித்து, சுமையோடு செங்குத்தான வழியில் ஓடி இறங்கி, உள்ளூர் மக்களுக்கான அதிகாலை இரயிலைப் பிடிக்க வேண்டும். அதை விட்டால் அன்றைய நாள் போய்விடும். பயணிகளை இரவு மூன்று மணிக்கே எழுப்புவதும் இதற்காகத்தான். எனவே பயணிகளுக்கும் அவர்களுக்கும் பிரிவு, நகரம் கண்ணில் படுமுன்பே நிகழ்ந்துவிடுகிறது.

கண்டவர் யார்?

சூரிய வாயில் வழியாக மறுநாள் காலை மச்சு பிச்சுவைக் கண்டோம். பனிமூட்டம் விலக விலக, மலைமுகட்டில் கல்வீடுகளும் படிவயல்களும் ஒவ்வொன்றாய் வெளிப்பட்டன. பேரரசன் பச்சாகுத்தியின் காலத்தில் கட்டப்பட்டு, பதினாறாம் நூற்றாண்டில் கைவிடப்பட்ட நகரம். 1983ஆம் ஆண்டு முதல் உலகப் பாரம்பரியச் சின்னம்.

அமெரிக்கர் ஹைரம் பிங்காம் 1911ஆம் ஆண்டு சூலை 24 அன்று இதைக் 'கண்டுபிடித்தார்' என்று நூல்கள் எழுதுகின்றன. அவரை மலைமேல் அழைத்துச் சென்றவர் மெல்சோர் அர்த்தேகா என்னும் உள்ளூர் விவசாயி. மேலே சென்றபோது அந்தப் படிவயல்களில் குடும்பங்கள் பயிர் செய்து வாழ்ந்துகொண்டிருந்தன; ஒரு சிறுவன் இடிபாடுகளைச் சுற்றிக் காட்டினான். 1902ஆம் ஆண்டிலேயே அகுஸ்தின் லிசாராகா என்னும் குஸ்கோ பகுதி விவசாயி சுவரில் தம் பெயரை எழுதிச் சென்றிருந்தார். பிங்காம் அந்த இடத்தை உலகறியச் செய்தார், அது உண்மையே. அவர் யேல் பல்கலைக்கழகத்துக்கு எடுத்துச் சென்ற பொருட்கள், நூறாண்டுகள் கழித்து 2011, 2012 ஆண்டுகளில் பெருவுக்குத் திரும்பி வந்தன. ஆனால் வழி காட்டியவர்களின் பெயரை எத்தனை பேர் அறிவோம்?

கற்களைத் தடவிப் பார்த்தபோது எனக்கு அரசர்கள் நினைவுக்கு வரவில்லை. இதை இழுத்தவன் இந்தச் சாளரத்தில் நின்று பள்ளத்தாக்கைப் பார்த்திருப்பானா என்றே எண்ணம் ஓடியது. அந்த நேரத்தில் என் பையைச் சுமந்தவர் இரயிலில் ஊர் திரும்பிக்கொண்டிருப்பார்.

பயணம் செய்ய வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்தச் சுமையால்தான் அங்கே ஒரு பெண் பள்ளி செல்கிறாள். ஆனால் போகிறவர்கள் முன்பணம் கட்டுமுன் ஏற்பாட்டாளரிடம் நான்கு கேள்விகள் கேட்கட்டும். சுமைதூக்குவோருக்கு நாள் கூலி எவ்வளவு? அவர்கள் உறங்குவது எங்கே? உண்பது என்ன? நகரத்தை அவர்கள் ஒரு முறையேனும் பார்க்க வழி செய்வீர்களா? விலை மட்டுமே கேட்கப்படும் இடத்தில் விலை மட்டுமே குறையும். அந்தக் குறைவை முதுகில் தாங்குபவர் வேறொருவர்.

பையில் வைக்கும் ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து, இதை நானே அந்தக் கணவாய்க்குச் சுமப்பேனா என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். பாதிப் பொருட்கள் வீட்டிலேயே தங்கிவிடும்.